ஈஸ்டருக்கு ஜெர்மனியிலிருந்து மூன்று நண்பர்கள்: லண்டனில் நாலு நாளை எப்படிப் பிரிப்பது?

கிழக்கு_15 (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கிழக்கு லண்டன் ஸ்ட்ராட்ஃபர்டில் மாணவர் விடுதியில் தங்கி எம்.எஸ்சி. படிக்கிறேன். கல்லூரியில் கூடப் படித்த மூன்று பேர் இப்போது ஜெர்மனியில் படிக்கிறார்கள். ஈஸ்டருக்கு அங்கே வெள்ளியும் திங்களும் விடுமுறை. வியாழன் இரவு ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் இறங்கி திங்கள் இரவு திரும்புவதாகப் பேச்சு. இன்னும் பத்து வாரம் இருக்கிறது, டிக்கெட் போடவில்லை. மூவரும் இந்தியப் பாஸ்போர்ட். விமானம், விசா, தங்குமிடம் தனி. மற்ற எல்லாம் சேர்த்து ஆளுக்கு 200 பவுண்டுக்குள் முடியுமா?

கேள்விகள்:

1. பயணத்துக்கு எந்த கார்டு? என்னிடம் 18+ மாணவர் ஓய்ஸ்டர் (லண்டன் பயண அட்டை) இருக்கிறது. 30% தள்ளுபடி என்றார்கள்; தினம் கழியும் காசைப் பார்த்தால் எதுவும் குறைந்த மாதிரித் தெரியவில்லை.
2. எந்த நாளில் எந்தப் பக்கம் போவது? ஈஸ்டரில் எதெல்லாம் மூடியிருக்கும்?
3. என் அறையிலேயே அவர்களைத் தங்க வைக்கலாமா?
4. ஒருவன் சுத்த சைவம். சாப்பாடு?

பதினைந்து இடங்கள் கொண்ட பட்டியல் ஒன்று ஏற்கெனவே வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

---

கடைசி_ரயில்

பயணக் கட்டணம் மட்டும் நான் சொல்கிறேன். இடங்களைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும்.

உங்கள் 18+ கார்டில் உள்ள 30% வார, மாத, வருட டிராவல்கார்டுக்கும் பஸ் பாஸுக்கும்தான். பணம் ஏற்றி அப்போதைக்கப்போது தட்டிக்கொண்டு போனால் ஒரு பென்னி குறையாது. பாதிப் பேருக்கு இது தெரியாமலே படிப்பு முடிந்துவிடுகிறது. குறைய வேண்டுமானால் 16-25 ரயில்கார்டை (இளைஞர், மாணவர்களுக்கான ரயில் தள்ளுபடி அட்டை) அதே ஓய்ஸ்டரில் இணைக்க வேண்டும். ரயில்கார்டு 2025 மார்ச் முதல் வருடத்துக்கு 35 பவுண்டு. இணைத்துவிட்டால் ஆஃப்-பீக் (நெரிசல் இல்லாத நேரக்) கட்டணத்திலும் ஆஃப்-பீக் நாள் கேப்பிலும் (ஒரு நாளில் கழியும் உச்சவரம்பு) மூன்றில் ஒரு பங்கு குறையும். வீட்டிலிருந்து ஆன்லைனில் இணைக்க முடியாது. டியூப் (சுரங்க ரயில்) நிலையத்தில் டிக்கெட் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஊழியரிடம் ஓய்ஸ்டரையும், ஃபோனில் உள்ள ரயில்கார்டையும் காட்டினால் இரண்டு நிமிட வேலை. ரயில்கார்டு காலாவதியாகும் அன்றே இணைப்பும் போய்விடும். புதுப்பித்ததும் மறுபடி போய் நிற்க வேண்டும்.

நண்பர்களுக்கு இதெல்லாம் வேண்டாம். நாலு நாளில் 35 பவுண்டு திரும்பாது. அவரவர் கான்டாக்ட்லெஸ் கார்டு அல்லது ஃபோன் போதும். பெரியவர்களுக்கு ஓய்ஸ்டர் கட்டணமும் அதுவும் ஒன்றுதான், ஓய்ஸ்டர் அட்டைக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

கணக்கு இப்படி. 2025 மார்ச் கட்டணப்படி மண்டலம் 1-2க்கு (லண்டனின் நடுப்பகுதிக் கட்டண வட்டங்கள்) நாள் கேப் 8.90 பவுண்டு. அதற்கு மேல் அன்று எத்தனை முறை ஏறினாலும் கழியாது. நாள் என்பது விடியற்காலை 4:30 முதல் மறுநாள் 4:29 வரை. வெள்ளி முதல் திங்கள் வரை தினமும் கேப்பைத் தொட்டால் 35.60. வார கேப் 44.70, அது திங்கள் தொடங்கி ஞாயிறு முடியக் கணக்கு, ஆறாவது நாளில்தான் லாபம் தரும். உங்களுக்குப் பொருந்தாது, மறந்துவிடுங்கள். வருடா வருடம் மார்ச்சில் கட்டணம் மாறும் என்பதால் வருவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராட்ஃபர்ட் 2, 3 இரண்டு மண்டலங்களின் எல்லையில் இருக்கிறது. நகரத்துக்குள் போகும்போது 2 என்றே கணக்கு. கிரீனிச்சின் கட்டி சார்க் நிலையமும் அப்படித்தான். எனவே நாலு நாளும் 1-2க்குள் அடக்கிவிடலாம். பஸ்ஸுக்கு மண்டலமே கிடையாது: 1.75 பவுண்டு, முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் அதே 1.75. பஸ்ஸில் மட்டும் சுற்றினால் நாள் கேப் 5.25தான்.

பீக் என்பது திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6:30-9:30, மாலை 4-7. பொது விடுமுறையில் பீக் கிடையாது. புனித வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் முழு நாளும் ஆஃப்-பீக்.

காசு வீணாவது பெரும்பாலும் கீழே சொல்பவற்றில்தான்:

ஒரு ஆளுக்கு ஒரு கார்டு. ஒரே கார்டைத் தட்டி நாலு பேரை உள்ளே விட முடியாது.

காலையில் எதைத் தட்டினார்களோ ராத்திரி வரை அதையேதான் தட்ட வேண்டும். ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் ப்ளாஸ்டிக் கார்டு வேறு, ஃபோன் வேறு, வாட்ச் வேறு. ஃபோனில் ஏறி வாட்ச்சில் இறங்கினால் இரண்டு அரைகுறைப் பயணமாகப் பதிவாகி, இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் போகும். கேப்பும் சேராது.

ஃபோன் பேட்டரி தீர்ந்தால் வெளியே தட்ட வழியில்லை. அதற்கும் அதிகபட்சக் கட்டணம். ராத்திரி பத்து மணிக்கு 4% வைத்துக்கொண்டு சுற்றும் ஆள் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் உண்டு. அவர் காலையிலேயே ப்ளாஸ்டிக் கார்டில் தொடங்கட்டும்.

பர்ஸோடு சேர்த்துத் தட்டாதீர்கள். உள்ளே இரண்டு கார்டு இருந்தால் இயந்திரம் எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது.

டிஎல்ஆர் (கிழக்கு லண்டனின் இலகு ரயில்) நிலையங்கள் பலவற்றில் கேட் கிடையாது. நடைமேடைக்குப் போகும் வழியில் ஒரு கம்பத்தில் தட்டும் கருவி இருக்கும். கேட் இல்லையே என்று நேராக வண்டியில் ஏறிவிடுவார்கள். பரிசோதகர் வந்தால் அபராதம். ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும்.

ஸ்டான்ஸ்டெட்டுக்கு ஓய்ஸ்டர் செல்லாது, அது லண்டன் மண்டலங்களுக்கு வெளியே. ஸ்ட்ராட்ஃபர்டில் நிற்கும் நேஷனல் எக்ஸ்பிரஸ் பஸ் உங்களுக்கு நேர்வழி. லிவர்பூல் ஸ்ட்ரீட் போகும் ரயில் வேகம், ஆனால் விலை கூடுதல், வியாழன் பின்னிரவில் மேலும் ஒரு வண்டி மாற வேண்டும். பஸ் டிக்கெட்டை விமானம் இறங்கும் நேரத்திலிருந்து 90 நிமிடம் தள்ளிப் போடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மின்னணு கேட் கிடையாது, அதிகாரி முன் வரிசையில் நிற்க வேண்டும்.

ஈஸ்டர் வார இறுதியில் தண்டவாள வேலைக்காகப் பாதைகளை மூடுவது இங்கே வழக்கம். ஸ்டான்ஸ்டெட் ரயில் பாதை, எலிசபெத் லைன், டிஎல்ஆர் எதுவும் தப்பாது. ஒரு வாரத்துக்கு முன்பே டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்து நிர்வாகம்) தளத்தில் எது ஓடாது என்று போட்டுவிடுவார்கள். அதைப் பார்த்த பிறகுதான் நாட்களை உறுதி செய்ய வேண்டும்.

---

பச்சைத்தடம்

பதினைந்து இடப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். நாலு பேர் சேர்ந்தால் கழிப்பறை, காபி, படம் என்று ஒரு மணி நேரத்துக்கு இருபது நிமிடம் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு பகுதி, அதில் ஒரே ஒரு உள்ளரங்க இடம். மற்றது நடை. டியூப் வரைபடத்தை நம்பி நகருக்கு நடுவே வண்டி ஏறாதீர்கள்: லெஸ்டர் ஸ்கொயருக்கும் கவென்ட் கார்டனுக்கும் இடையே 300 மீட்டர்கூட இல்லை. நிலையத்துக்குள் இறங்கி ஏறும் நேரத்தில் நடந்தே போய்ச் சேர்ந்திருக்கலாம். கவென்ட் கார்டனில் லிஃப்ட் வரிசையைப் பார்த்துப் படியில் ஏறலாம் என்று கிளம்பினால் 193 படிகள்.

வெள்ளி: ஜூபிலி லைன் ஸ்ட்ராட்ஃபர்டிலிருந்து மாறாமல் வெஸ்ட்மின்ஸ்டர் போகும். காலை 8:30க்கு அங்கே இருங்கள். பாலத்தில் பிக் பென் படம் அப்போதே முடிந்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்த நடைபாதையில் மூன்று கிண்ணத்துக்குள் பந்தை ஒளித்து விளையாடும் கும்பல் உட்கார்ந்திருக்கும். சுற்றி நின்று ஜெயிப்பவர்கள் எல்லாம் அவர்கள் ஆட்களே. நின்று வேடிக்கை பார்த்தால் பையில் கை விழும். அங்கிருந்து செயின்ட் ஜேம்ஸ் பூங்கா வழியாக நடங்கள். காவலர் மாற்றம் பார்க்க எல்லோரும் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் ஒரு மணி நேரம் முன்னே போய் அடுத்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அது எல்லா நாளும் நடப்பதும் இல்லை. பூங்காவின் மறுமுனையில் ஹார்ஸ் கார்ட்ஸில் குதிரைக் காவலர் மாற்றம் வழக்கமாகத் தினமும் 11 மணிக்கு, ஞாயிறு 10க்கு. தடுப்புக் கம்பி குறைவு, கிட்ட நின்று பார்க்கலாம். பிறகு டிரஃபால்கர் சதுக்கம், நேஷனல் கேலரி. இலவசம், வெள்ளிக்கிழமைகளில் வழக்கமாக இரவு 9 வரை. புனித வெள்ளியன்று அந்த நீட்டிப்பு உண்டா என்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மாலை கவென்ட் கார்டன், சோஹோ, சைனாடவுன் எல்லாம் கால்நடைத் தூரம். சோஹோவில் வண்ண விளக்குப் போட்ட ரிக்‌ஷாவில் விலை பேசாமல் ஏறாதீர்கள்.

சனி: கிழக்கிலிருந்து மேற்காக ஆற்றங்கரை நடை. டவர் ஹில்லில் தொடங்கி டவர் பிரிட்ஜ், பரோ மார்க்கெட், குளோப் அரங்கம், டேட் மாடர்ன், மில்லேனியம் பாலம், எதிரே செயின்ட் பால்ஸ். பரோ மார்க்கெட் திறந்ததுமே போய்விடுங்கள். சனி மதியம் அங்கே நகரக்கூட முடியாது. திங்கட்கிழமை அது வழக்கமாக மூடல், அதனால்தான் திங்களுக்குத் தள்ளவில்லை. செயின்ட் பால்ஸில் சுற்றிப் பார்க்க டிக்கெட் உண்டு, மாலை 5 மணிப் பாட்டு வழிபாட்டுக்குக் கட்டணமில்லை. அரைமணி முன்பு போனால் குவிமாடத்துக்கு அடியிலேயே உட்கார இடம் கிடைக்கும். படம் எடுக்கக்கூடாது, நடுவில் எழுந்து போகக்கூடாது. புனித வாரத்தில் நேரம் மாறும், அன்று காலை சரிபார்க்க வேண்டும்.

லண்டன் கோட்டைக்கு (டவர் ஆஃப் லண்டன்) உள்ளே போவதென்றால் 30 பவுண்டுக்கு மேல் ஆகும், மூன்று மணி நேரம் பிடிக்கும். 200 பவுண்டில் ஒரே ஒரு பெரிய டிக்கெட்டுக்குத்தான் இடம் என்றால் என் ஓட்டு இதற்கே. லண்டன் ஐயில் அரைமணி சுற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். முதல் நுழைவுக்கே போய், மற்றதைப் பார்க்காமல் நேரே மணிமுடி அறைக்குப் போய்விட வேண்டும். பதினோரு மணிக்கு அந்த வரிசை முற்றத்தைத் தாண்டி நிற்கும்.

ஞாயிறு: ஈஸ்டர் ஞாயிறன்று 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் சட்டப்படி திறக்கக்கூடாது. ஆக்ஸ்ஃபர்ட் ஸ்ட்ரீட், உங்கள் வீட்டுப் பக்கத்து வெஸ்ட்ஃபீல்ட் மாலின் பெரிய கடைகள், பெரிய சூப்பர்மார்க்கெட் எல்லாம் மூடல். தெருமுனைச் சிறு கடைகள் உண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஞாயிறு வழிபாடு மட்டும், சுற்றுலா இல்லை. எனவே அன்றைக்கு கிரீனிச்.

இதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் தவறான முனையில் இறங்குகிறார்கள். டிஎல்ஆரில் கட்டி சார்க் வரை போகாதீர்கள். அதற்கு முந்தைய நிலையம் ஐலண்ட் கார்டன்ஸ், தேம்ஸின் வடகரையில் இருக்கிறது. வண்டிக்கு ஓட்டுநர் அறை இல்லாததால் முன் வரிசை இருக்கையில் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே வரலாம். இறங்கி இரண்டு நிமிடம் நடந்தால் சிறு பூங்கா. எதிர்க்கரையில் கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்த பழைய கடற்படைக் கல்லூரி, இரட்டைக் குவிமாடத்தோடு, நடுவே மலை வரை திறந்த இடைவெளியோடு முழுதாகத் தெரியும். தென்கரையில் இறங்கிவிட்டால் இந்தக் காட்சி கிடையாது. பூங்கா ஓரத்தில் கண்ணாடிக் கூரை போட்ட வட்டக் கட்டடம் ஒன்று இருக்கும். அதுதான் 1902இல் திறந்த நடை சுரங்கத்தின் வாயில். கட்டணம் இல்லை. லிஃப்ட் வேலை செய்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் சுழல் படி ஏறத்தாழ நூறு. ஆற்றுக்கு அடியில் 370 மீட்டர், வெள்ளை ஓடு பதித்த குழாய். இறங்கியதும் முதல் சில மீட்டர் மட்டும் இன்னும் குறுகி, ஓட்டுக்குப் பதில் இரும்பு உறையாக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சேதமான இடத்தை உள்ளே இரும்பு போர்த்திச் சரிசெய்த தடம் அது. மேலே ஏறினால் நேராக கட்டி சார்க் கப்பல் முன்னால் நிற்பீர்கள்.

கப்பலுக்கும் வான் ஆய்வகத்துக்கும் டிக்கெட் உண்டு. பூங்கா மலை உச்சியிலிருந்து நகரத்தைப் பார்ப்பது இலவசம், எனக்குக் கேட்டால் அதுவே போதும். 1884இல் உலக நாடுகள் சுழியப் பாகைத் தீர்க்கரேகையாக ஏற்ற கோட்டில் இரு பக்கமும் கால் வைத்துப் படம் எடுக்க முற்றத்துக்குள் காசு கொடுத்து வரிசையில் நிற்பார்கள். அதே கோடு வெளிச்சுவரிலும் கீழே நடைபாதையிலும் குறித்திருக்கிறது. சுற்றுச்சுவரை ஒட்டிய சிறு கதவு வழியாக இறங்கினால் வரிசை இல்லாமல் படம்.

திங்கள்: பிரிட்டிஷ் மியூசியம். பள்ளி விடுமுறை என்பதால் சவுத் கென்சிங்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தள்ளுவண்டிக் குழந்தைகளோடு ஒரு மணி நேர வரிசை நிற்கும், தவிருங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் இலவச டிக்கெட்டை முன்பே நேரம் குறித்து எடுத்தால் பை சோதனை வரிசை குறையும். பெரிய பெட்டியோடு உள்ளே விடமாட்டார்கள், சாமானை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ரொசெட்டா கல் 4ஆம் அறை, கூட்டத்தின் தலைக்கு மேல்தான் பார்க்க முடியும். கூட்டமே இல்லாத இடம் 33அ: ஆந்திரத்து அமராவதித் தூபியின் சுண்ணாம்புக் கற் சிற்பங்கள், கண்ணாடிக்குப் பின்னால் சுவர் முழுக்க. பக்கத்து 33ஆம் அறையில் சோழர் காலச் செப்பு நடராசர். இரண்டையும் பார்க்காமல் திரும்பும் தமிழர்கள்தான் அதிகம், ஏனென்றால் இவை முன்வாசலிலிருந்து கடைக்கோடி.

---

ஆனந்தி_மனோர்பார்க்

தம்பி, சாப்பாட்டுக்கு நான் சொல்லுறன். ஈஸ்ட்ஹாம் உங்களுக்குப் பக்கம்தான். ஸ்ட்ராட்ஃபர்டில இருந்து பஸ்ஸில போங்கோ. டியூப்பில போனா ஈஸ்ட்ஹாம் மூன்றாம் மண்டலம், கேப் கூடிப்போகும். பஸ் எண்டா 1.75ஓட சரி. ஹை ஸ்ட்ரீட் நார்த் முழுக்க எங்கட கடையள். தோசை, பரோட்டாவும் இருக்கு, எங்கட இடியப்பம், சொதி, கொத்துரொட்டி, ரோல்ஸும் இருக்கு. வெள்ளி, சனி இரவு ஏழு மணிக்குப் பிறகு நாலு பேருக்கு மேசை கிடைக்கிறது கஷ்டம். ஆறு மணிக்கு முதல் போங்கோ.

சைவக்காரப் பிள்ளைக்கு ஒரு விசயம். மரக்கறிக் கொத்து எண்டு கேட்டாலும் சில கடையில முட்டை போடுவினம், அதை மச்சமா (அசைவமா) எண்ணுறேல்லை. அதோட ஒரே தட்டிலதான் ஆட்டிறைச்சிக் கொத்தும் அடிக்கிறது. முட்டை வேண்டாம், தட்டைக் கழுவிப்போட்டுப் போடுங்கோ எண்டு ஓடர் குடுக்கேக்கயே சொல்ல வேணும். அது ஒத்துவராட்டி, வாசலிலயே சைவம் எண்டு போட்டிருக்கிற கடைக்குப் போனாச் சரி, அந்தத் தெருவிலயே இருக்கு. ரோல்ஸிலயும் மரக்கறி, மீன், ஆட்டிறைச்சி மூண்டும் பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும். கேட்டு வேறவேற பையில வாங்குங்கோ.

மத்தியானத்துக்கு நகரத்துக்குள்ள சூப்பர்மார்க்கெட் மீல் டீல் (சான்ட்விச், நொறுக்கு, குடிக்கிறது மூண்டும் சேர்ந்த செட்) எடுத்தா ஆளுக்கு நாலு பவுண் அளவில முடியும். கடையின்ர உறுப்பினர் கார்ட் ஃபோனில இருந்தாத்தான் அந்த விலை. உங்கட கார்டைக் காட்டி நாலு பேருக்கும் ஒண்டா பில் போடுங்கோ. ஞாயிறு பெரிய கடை பூட்டு, சனி பின்னேரமே பாண், பால், பழம் வாங்கி வையுங்கோ. மேசையில இருந்து சாப்பிடுற கடையளில பில்லில 12.5% சேவைக் காசு தானாவே ஏறியிருக்கும். அது கட்டாயமில்லை, எடுக்கச் சொன்னா எடுப்பினம். தண்ணி கேக்கேக்க குழாய்த்தண்ணி எண்டு சொல்லிக் கேளுங்கோ, இல்லையெண்டா போத்தல் கொண்டந்து வைச்சுக் காசு எடுப்பினம்.

அறை விசயம்: மூண்டு பேரையும் உங்கட அறையில வைக்கிற யோசினையை விடுங்கோ. கன விடுதியளில ஒரு ஆளுக்கு ஒரு விருந்தாளி, அதுவும் தொடர்ந்து ரெண்டு மூண்டு இரவுதான். ரிசெப்ஷனில பேர் எழுத வேணும். ஒப்பந்தத்தில விருந்தினர் எண்டு ஒரு பந்தி இருக்கும், அதை வாசியுங்கோ. இரவு நெருப்பு அலாரம் அடிச்சு எல்லாரும் வெளியில வரேக்க, எழுதாத மூண்டு பேர் நிண்டா கடிதம் வரும். ஒரு ஆளைப் பதிஞ்சு அறையில வையுங்கோ, மற்ற ரெண்டு பேருக்கும் ஸ்ட்ராட்ஃபர்டுக்குப் பக்கத்திலயே மலிவான ஹோட்டல் அறை ஒண்டு எடுங்கோ. ஈஸ்டருக்கு விலை ஏறும், இப்பவே, ரத்துச் செய்யக்கூடிய மாதிரிப் பாத்துப் போடுங்கோ.

---

ஸ்ப்ரே_கரை

ஜெர்மனிப் பக்கத்து விஷயங்கள் விட்டுப்போயிருக்கின்றன. முதலில் விசா, அப்புறம்தான் விமான டிக்கெட். ஷெங்கன் விசாவோ ஜெர்மன் குடியிருப்பு அட்டையோ பிரிட்டனுக்குள் நுழைய உதவாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண வருகையாளர் விசா வேண்டும்; ஆறு மாத விசாவுக்கு 2025 ஏப்ரல் நிலவரப்படி 127 பவுண்டு. ஆன்லைனில் விண்ணப்பித்து, ஜெர்மனியிலேயே உள்ள விசா மையத்தில் கைரேகை கொடுத்த பிறகு பொதுவாக 3 வாரம். ஈஸ்டருக்கு முன் கைரேகைக்குத் தேதி கிடைப்பதே இழுக்கும். பத்து வாரம் என்பது சரியான நேரம், இந்த வாரமே தொடங்கச் சொல்லுங்கள்.

சேர்க்க வேண்டியவை: பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்று, ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, பகுதிநேர வேலை இருந்தால் சம்பளச் சீட்டு, குடியிருப்பு அட்டை. கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்திருந்தால் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும், மறுப்புக்கு அது ஒரு பொதுக் காரணம். நீங்கள் அழைப்புக் கடிதம் கொடுக்கலாம், கட்டாயமில்லை. கொடுத்தால் தங்குமிடத்தை உள்ளபடி எழுதுங்கள். விடுதியில் ஒருவருக்குத்தான் அனுமதி என்றால் மூவரும் என் அறையில் என்று எழுதுவது வம்பு.

பலர் கவனிக்காத ஒன்று: குடியிருப்பு அட்டை புதுப்பிப்பில் இருந்து, கையில் ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் தாள் (புதுப்பிப்பு முடியும் வரை தரும் தற்காலிகச் சான்று) மட்டும் இருந்தால், அதில் எந்தப் பெட்டியில் குறி போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு என்றால் ஜெர்மனிக்குத் திரும்பி வரலாம். 3ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போனால் திரும்ப வர அது செல்லாது. அப்படி யாராவது இருந்தால் லண்டன் பயணத்தையே தள்ளிப் போடுவதுதான் உத்தமம்.

மலிவு விமானங்களில் ஐரோப்பியரல்லாத பாஸ்போர்ட்காரர்கள் பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் முன் ஆவணச் சோதனை மேசைக்குப் போக வேண்டியிருக்கும். ஆன்லைனில் செக்-இன் முடித்துவிட்டோம் என்று நேரே கேட்டுக்குப் போனால் அங்கிருந்து திருப்பி அனுப்புவார்கள், அதற்குள் மேசை மூடியிருக்கும். திரும்பும்போது ஸ்டான்ஸ்டெட்டிலும் அதே கதை. இன்னொன்று, எந்த ஜெர்மன் விமான நிலையம் என்று பார்த்து டிக்கெட் போடச் சொல்லுங்கள். பிராங்பர்ட்-ஹான் பிராங்பர்ட் நகரிலிருந்து ஏறத்தாழ 120 கி.மீ.; திங்கள் நடுநிசியில் இறங்கினால் விடியும் வரை உட்கார வேண்டியதுதான்.

ஜிரோகார்ட் சின்னம் மட்டும் உள்ள வங்கி அட்டை டியூப் கேட்டில் வேலை செய்யாது. விசா அல்லது மாஸ்டர்கார்டு சின்னம் வேண்டும். கடையில் இயந்திரம் யூரோவா பவுண்டா என்று கேட்டால் பவுண்டு. யூரோவை அழுத்தினால் கடைக்கார வங்கியின் மாற்று விகிதம், அது எப்போதும் நமக்கு நஷ்டம். ஐரோப்பிய ரோமிங் சட்டம் பிரிட்டனுக்குப் பொருந்தாது. சில நிறுவனங்கள் தாங்களாகவே சேர்த்திருக்கின்றன, சில இல்லை. கிளம்பும் முன் அவரவர் திட்டத்தைப் பார்க்க வேண்டும். ப்ளக்குக்கு மூன்று கம்பி அடாப்டர் ஒன்றும், ஜெர்மன் எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றும் போதும், மூவருக்கும் தனித்தனியாக வாங்க வேண்டாம்.

---

கிழக்கு_15

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆனந்தி அக்கா, விடுதி ஒப்பந்தத்தைப் பார்த்தேன்: ஒருவர், இரண்டு இரவு. அப்படியே செய்கிறேன். மூவருக்கும் குடியிருப்பு அட்டை அடுத்த வருடம் வரை இருக்கிறது. இன்னும் மூன்று சந்தேகம். எனக்கு 27 வயது, ரயில்கார்டு கிடைக்குமா? ஸ்கை கார்டன் இலவசம் என்கிறார்களே, டிக்கெட் எப்படி? கிரீனிச்சிலிருந்து படகில் திரும்பினால் கேப்பில் வருமா? சனி இரவு சோஹோவிலிருந்து நேரமாகிவிட்டால் எப்படித் திரும்புவது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

பச்சைத்தடம்

ஸ்கை கார்டன் இலவச டிக்கெட் சுமார் மூன்று வாரத்துக்கு முன், வாரம் ஒரு முறை திங்களன்று திறக்கும். ஈஸ்டர் தேதிகள் காலையிலேயே போய்விடும், நாலு பேருக்கு ஒன்றாகக் கிடைப்பது இன்னும் அரிது. இரண்டு இரண்டாகப் போட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் 22 பிஷப்ஸ்கேட்டில் 58ஆம் மாடி ஹொரைசன் 22, அதுவும் இலவசம், முன்பதிவுதான். உயரத்தில் அது ஸ்கை கார்டனைவிட மேல், செடிகொடிதான் கிடையாது. சூரியன் மறையும் நேரம் எல்லோருக்கும் வேண்டும், காலை நேரம் கேட்டால் எளிது.

படகு: ஒரு முறை போகலாம், டவர் பிரிட்ஜுக்கு அடியில் போவது நன்றாக இருக்கும்.

---

கடைசி_ரயில்

படகில் எனக்கு உடன்பாடில்லை. ஊபர் போட் தேம்ஸ் கிளிப்பர்ஸில் அதே கார்டைத் தட்டலாம், ஆனால் கேப்பில் சேராது, தனியாகக் கழியும். நாலு பேருக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நாள் முழுச் சாப்பாடு. ஆற்றில் போகத்தான் வேண்டும் என்றால் வூலிச் ஃபெரி இலவசம். ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள், அடிக்கடி நின்றுவிடும். காட்சி என்று பெரிதாக எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

27 வயதுக்கும் 16-25 ரயில்கார்டு உண்டு, முழுநேர மாணவர் என்றால். பல்கலைக்கழகச் சரிபார்ப்பு ஒன்று கூடுதலாக வேண்டும்.

சனி இரவு கவலை வேண்டாம். வெள்ளி, சனி இரவுகளில் சென்ட்ரல், ஜூபிலி இரண்டிலும் நைட் டியூப் ஓடும், இரண்டும் ஸ்ட்ராட்ஃபர்ட் வரும். சோஹோவுக்கு டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் சென்ட்ரல் ஏறுவது பக்கம். வெள்ளி, சனி தவிர மற்ற இரவுகளில் அது கிடையாது, ஞாயிறன்று கடைசி வண்டி வழக்கத்தைவிடச் சீக்கிரம் போய்விடும். அன்றைக்கு நேரமாகிவிட்டால் ஸ்ட்ராட்ஃபர்ட் வழியாக ஓடும் இரவு பஸ்ஸைப் பிடிக்கலாம், எண்ணை டிஎஃப்எல் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தத்தில் நிற்கும்போது ஃபோனைச் சாலைப் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டு பஸ் வரும் நேரம் பார்க்காதீர்கள். மின்சார சைக்கிளில் வந்து கையிலிருந்து பறித்துக்கொண்டு போவது அந்த வட்டாரத்தில் பகலிலேயே நடக்கிறது. கூரைக்கு உள்ளே, கண்ணாடிக்கு முதுகைக் கொடுத்து நின்று பாருங்கள்.